ஹைலைட்ஸ் போதுமா? – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். சிறு வயதிலிருந்தே விளையாட்டு பார்ப்பவன். சென்ற வாரக் கடைசியில் கிரிக்கெட், டென்னிஸ், கால்பந்து, கார் பந்தயம் என எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. தொலைக்காட்சியில் ஒன்று, மடிக்கணினியில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று என இரண்டு நாளும் விடாமல் பார்த்தேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் நண்பர் ஒருவர் எது நன்றாக இருந்தது என்று கேட்டபோது, முடிவுகளைச் சொல்ல முடிந்ததே தவிர, எந்த ஆட்டத்தைப் பற்றியும் சேர்ந்தாற்போல் நான்கு வாக்கியம் பேச முடியவில்லை. அவர் எதையும் நேரலையில் பார்ப்பதில்லை. இரவில் பத்து நிமிட ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு என்னைவிடத் தெளிவாகப் பேசுகிறார். முக்கியமான இடமெல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது என்பது அவர் வாதம். அது சரிதானா? எல்லாம் ஒரே நாளில் வரும்போது நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் வாதத்தைச் சோதித்துப் பார்க்க 2019ஆம் ஆண்டு ஜூலை 13, 14 ஆகிய இரண்டு நாட்களைவிடப் பொருத்தமான வாரக் கடைசி எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை விம்பிள்டன் மகளிர் இறுதிப்போட்டி நடந்தது. ஞாயிற்றுக்கிழமை லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப்போட்டி, அதே லண்டனின் இன்னொரு மூலையில் ஜோகோவிச்சுக்கும் ஃபெடரருக்கும் விம்பிள்டன் ஆடவர் இறுதிப்போட்டி, சில்வர்ஸ்டோனில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரி. இவை போதாதென்று எகிப்தில் ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்தின் அரையிறுதிகள் இரண்டும் அன்றுதான். பிரிட்டனில் கிரிக்கெட்டையும் கார் பந்தயத்தையும் ஒளிபரப்பிய சேனல் 4, பந்தயம் ஓடிய நேரத்தில் உலகக் கோப்பை இறுதிப்போட்டியையே தன் துணை அலைவரிசைக்கு மாற்ற வேண்டியிருந்தது. நமக்கு இங்கே மாலை ஆறரை மணிக்கு மேல் மூன்றும் ஒன்றாக ஓடின. டென்னிஸும் கிரிக்கெட்டும் நள்ளிரவை ஒட்டி, ஒன்றையடுத்து ஒன்றாக முடிந்தன.

நான் அன்று கிரிக்கெட்டை மட்டும் பார்த்தேன். நான்கு நாட்களுக்கு முன் மான்செஸ்டரில் இந்தியா நியூசிலாந்திடம் 18 ரன்களில் தோற்றிருந்தது. ரோகித், ராகுல், கோலி மூவரும் ஆளுக்கு ஒரு ரன்னில் வீழ்ந்து, பிறகு ஜடேஜாவின் 77 ரன்களால் மீண்டும் துளிர்த்த நம்பிக்கை, மார்ட்டின் கப்டில் தொலைவிலிருந்து எறிந்த பந்து ஸ்டம்பில் நேராகப் பட்டுத் தோனி ரன் அவுட் ஆனபோது முடிந்தது. நம்மை வென்றவர்களே கோப்பையையும் வெல்ல வேண்டும் என்ற எண்ணம் இங்கே பலருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. ஆகவே ஞாயிறன்று எதைப் பார்ப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை.

இப்போது உங்கள் நண்பர் பார்த்திருக்கக்கூடிய பத்து நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். நியூசிலாந்து 241 ரன். இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் ஆட்டமிழக்காமல் 84, பட்லர் 59. கடைசி ஓவரில் ஒரு சிக்ஸர், மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்கு ஓடிய ஒரு பந்து, இரண்டு ரன் அவுட். ஆட்டம் சமன், அதன்பின் அணிக்கு ஓர் ஓவர் என ஆடிய சூப்பர் ஓவரும் சமன், கோப்பை இங்கிலாந்துக்கு. இவை எல்லாம் உண்மையிலேயே நடந்தவை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நியூசிலாந்தின் காலின் டி கிராண்ட்ஹோம் ஏறக்குறைய இருக்கவே மாட்டார். மிதவேகப் பந்துவீச்சாளரான அவர் அன்று பத்து ஓவர்களில் 25 ரன் மட்டுமே கொடுத்தார். மேகமூட்டமான வானம், பந்து நின்று வரும் ஆடுகளம், ஸ்டம்பை ஒட்டி நின்ற விக்கெட் கீப்பர், அளவு பிசகாமல் வந்துகொண்டே இருந்த பந்துகள். அந்தத் தொடரில் பல அணிகளைத் திணறடித்திருந்த இங்கிலாந்து பேட்டிங் அதற்குள் மெல்லச் சிக்கிக்கொண்டது. ஜோ ரூட் போன்ற ஆட்டக்காரர் 30 பந்துகளில் 7 ரன் மட்டும் எடுத்து, பொறுமை இழந்து, வெளியே போன பந்தைத் துரத்தி விக்கெட்டைக் கொடுத்தார். ஹைலைட்ஸில் அந்த ஒரு பந்து வரும். அதற்கு முன் அவரை அந்த நிலைக்குத் தள்ளிய ரன் இல்லாத பந்துகள் வரமாட்டா. ரூட் ஏன் அப்படி ஆடினார் என்பதற்கான விடை அந்தப் பந்துகளில்தான் இருக்கிறது. இங்கிலாந்து 86 ரன்னுக்கு 4 விக்கெட் என்று ஆனதும் அப்படித்தான்.

அன்றைய ஆட்டத்தில் என்னை இன்றும் விடாமல் பற்றியிருப்பவர் கப்டில். தொடர் முழுவதும் ரன் எடுக்கத் திணறியிருந்த அவர், இறுதிப்போட்டியில் 19 ரன்னில் எல்பிடபிள்யூ ஆனபோது நடுவரின் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்டார்; அணிக்கு இருந்த அந்த ஒரே வாய்ப்பு வீணானது. பின்னர் ராஸ் டெய்லருக்கு ஸ்டம்பைத் தாண்டிச் சென்றிருக்கும் பந்தில் எல்பிடபிள்யூ கொடுக்கப்பட்டபோது, அவருக்குக் கேட்க மறுபரிசீலனை மீதமில்லை. நாற்பத்தொன்பதாவது ஓவரில் எல்லைக்கோட்டருகே ஸ்டோக்ஸ் அடித்த பந்தைப் பிடித்த போல்ட், அருகில் இருந்த கப்டிலிடம் அதைத் தள்ளிவிடுவதற்குள் கயிற்றை மிதித்துவிட்டார்; அது சிக்ஸர் என்று கையை உயர்த்திக் காட்டியவரும் கப்டில்தான். கடைசி ஓவரில் அவர் எறிந்த பந்து, இரண்டாவது ரன்னுக்காகப் பாய்ந்து விழுந்த ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லையைத் தாண்டியது. சூப்பர் ஓவரின் கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவைப்பட்டபோது எதிர்கொண்டவரும் அவரே. ஜேசன் ராய் எறிந்த பந்தைப் பிடித்துப் பட்லர் ஸ்டம்பைச் சாய்த்தபோது அவர் கோட்டுக்கு வெகு தூரத்தில் இருந்தார். நான்கு நாட்களுக்கு முன் ஓர் எறிதலால் தன் அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டுவந்த மனிதருக்கு ஒரே நாளில் இவ்வளவும் நேர்ந்தது. துண்டுகளாகப் பார்த்தவருக்கு இவை தொடர்பில்லாத சம்பவங்களாகத் தெரியும். முதல் பந்திலிருந்து பார்த்தவருக்கு, அந்தக் கடைசிப் பந்தை எதிர்கொள்ள கப்டில் நின்ற இடத்தில் அந்த நாள் முழுவதும் வந்து சேர்ந்திருந்தது. நான் இருக்கையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லை தாண்டிய அந்த எறிதலை, அதாவது ஓவர்த்ரோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்து எறியப்பட்ட நொடியில் இரண்டாவது ரன்னுக்காக இரு மட்டையாளர்களும் ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை. விதிப்படி அந்த இரண்டாவது ரன் கணக்கில் வராது; ஐந்து ரன்தான், ஆறு கொடுக்கப்பட்டது. முன்னாள் நடுவர் சைமன் டாஃபல் இதைச் சுட்டிக்காட்டினார். களத்தில் நின்ற இலங்கை நடுவர் குமார் தர்மசேனவும் தொலைக்காட்சிப் பதிவைப் பார்த்தபின் அது பிழை என்று ஒப்புக்கொண்டார். அந்த இரைச்சலில் ஒருவர் பந்தை எறிபவரையும் ஓடுபவர்கள் கடக்கும் புள்ளியையும் ஒரே நேரத்தில் பார்த்திருக்க வேண்டும். அவரை வசைபாடியவர்களோடு நான் சேரமாட்டேன்.

எனக்குத் தீராத கசப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. ஐம்பது ஓவர்களில் இரு அணியும் 241. சூப்பர் ஓவரில் இரு அணியும் 15. பிறகு யார் அதிகப் பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணினார்கள்: இங்கிலாந்து 26, நியூசிலாந்து 17. விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது, இரு அணிகளும் அறிந்தே களமிறங்கின, எனவே இங்கிலாந்தின் மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த விதி எதை எண்ணியது என்று பாருங்கள். கோட்டைத் தாண்டிய பந்துகளை மட்டும் எண்ணியது. ஓடி எடுத்த ரன்களையும், டி கிராண்ட்ஹோமின் பத்து ஓவர்களையும், நியூசிலாந்து எட்டு விக்கெட்டும் இங்கிலாந்து பத்து விக்கெட்டும் இழந்திருந்ததையும் அது கணக்கில் கொள்ளவில்லை. அதாவது, ஒரு நாள் முழுவதும் நடந்த ஆட்டத்தை அந்த விதி ஹைலைட்ஸ் பார்ப்பது போலப் பார்த்தது. உங்கள் நண்பருடைய வாதத்தின்படி கோப்பை வழங்கினால் என்ன ஆகும் என்பதை அன்று லார்ட்ஸில் கண்டோம். அந்த ஆண்டு அக்டோபரிலேயே சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் விதியை மாற்றி, முக்கிய ஆட்டங்களில் ஓர் அணி அதிக ரன் எடுக்கும்வரை சூப்பர் ஓவர் தொடரும் என்று அறிவித்தது. நியூசிலாந்துக்கு அதனால் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

டென்னிஸை நான் அந்த வாரத்திலேயே மாலை நேரங்களில் முழுப் பதிவாகப் பார்த்தேன். முடிவு முன்பே தெரிந்திருந்தது. அதனால் ஆட்டம் குறைந்துபோகவில்லை. 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என்று ஜோகோவிச் வென்ற அந்த ஆட்டம் 4 மணி 57 நிமிடம் நீடித்தது. விம்பிள்டன் ஒற்றையர் இறுதிப்போட்டிகளில் அதுவே மிக நீண்டது. எண்ணிப் பார்த்தால் ஃபெடரர் 218 புள்ளிகள், ஜோகோவிச் 204. எதிராளி தொட முடியாத சர்வீஸான ஏஸ் 25க்கு 10. எதிராளியின் சர்வீஸை முறியடித்தது ஏழுக்கு மூன்று. லார்ட்ஸில் எண்ணிக்கை தவறானவரைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லும் நான், இங்கே எண்ணிக்கையில் முந்தியவர் தோற்றதை நியாயம் என்றே கொள்கிறேன். டென்னிஸின் கணக்கு முறை எல்லாப் புள்ளிகளையும் சமமாக மதிப்பதில்லை. எந்தப் புள்ளி எப்போது வருகிறது என்பதே அதில் எல்லாம். ஜோகோவிச் ஐந்து மணி நேரமும் அந்த அறிவோடு ஆடினார். இரண்டாவது செட்டைப் பெரிய போராட்டமின்றி விட்டுக்கொடுத்தவர், சமனான செட்டை முடிவுசெய்யும் மூன்று டைபிரேக்குகளிலும் தாமாகச் செய்த பிழை என்று ஒன்றுகூட இல்லாமல் ஆடினார்.

ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்ற நிலையில் ஃபெடரர் சர்வீஸ் செய்தார். முப்பத்தெட்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவருக்கு இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளிகள். முதலாவதில் அவரது ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. இரண்டாவதில் அவர் வலையை நோக்கி முன்னேற, ஜோகோவிச் குறுக்காக அடித்த பந்து அவரைக் கடந்தது. இந்த இரண்டும் எந்த ஹைலைட்ஸிலும் இருக்கும். ஆனால் அதற்குமுன் நான்கு மணி நேரம் அரங்கம் முழுவதும் ஃபெடரரின் பெயரையே கூவிக்கொண்டிருந்ததையும், அந்தக் கூச்சலைத் தன் பெயராக மனத்துக்குள் மாற்றிக்கொண்டதாக ஜோகோவிச் பின்னர் சொன்னதையும் சேர்த்து உணர வேண்டுமானால், அந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். நான் ஃபெடரரின் பக்கம். அப்படியிருந்தும் அந்தப் பதிவைப் பார்த்து முடித்தபோது ஜோகோவிச்சின் மீது எனக்கு முன்பில்லாத மரியாதை வந்திருந்தது. முடிவை மட்டும் கேட்டறிந்த அந்த நள்ளிரவில் வருத்தம் மட்டுமே இருந்தது.

முந்தைய நாள் சிமோனா ஹாலெப் 6-2, 6-2 என்று செரினா வில்லியம்ஸை ஒரு மணி நேரத்துக்குள் வென்றதை, ஸ்கோரை வைத்து ஒருபக்க ஆட்டம் என்று பலர் ஒதுக்கினார்கள். இறுதிப்போட்டி முழுவதிலும் தாமாக மூன்றே பிழை செய்த ஒருவரின் ஆட்டம் அது. அதைப் பார்க்காமல் விட்டவர்களுக்காக வருந்துகிறேன். சில்வர்ஸ்டோனில் ஹாமில்டன் ஆறாவது முறையாக பிரிட்டிஷ் கிராண்ட் பிரியை வென்றார். பந்தயத்தை மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்த தருணம் அவருக்குச் சாதகமாக அமைந்தது. அதை நான் செய்தியாக மட்டுமே அறிவேன், ஆகவே அதைப் பற்றி மேலே பேச எனக்குத் தகுதியில்லை.

நீங்கள் நான்கு வாக்கியம் பேச முடியாமல் போனது நினைவாற்றலின் குறை அல்ல. மூன்று திரைகளுக்கிடையே கண்ணை மாற்றிக்கொண்டே இருப்பவர், ஏதாவது நடக்கும் இடத்துக்கே ஒவ்வொரு முறையும் தாவுகிறார். விக்கெட் விழுந்த ஓசை கேட்டு இங்கே, கோல் என்ற கூச்சல் கேட்டு அங்கே. இரண்டு நாள் கண்விழித்து நீங்கள் பார்த்ததும் ஹைலைட்ஸ்தான். அதைத் தொகுத்தவர் நீங்கள் என்பதால் நண்பருடையதைவிடச் சற்றுக் குழப்பமாக இருந்தது, அவ்வளவே. அவர் தெளிவாகப் பேசுவதற்கும் காரணம் அதுதான். ஆட்டத்தில் எது முக்கியம் என்பதை வேறொருவர் முன்பே தீர்மானித்துக் கொடுத்திருக்கிறார். அந்தத் தெளிவைக் கண்டு நீங்கள் கூச வேண்டியதில்லை. வேலை நாட்களில் எனக்கும் ஹைலைட்ஸ் தேவைப்படுகிறது. ஆனால் முழுதாகப் பார்த்த ஓர் ஆட்டத்தின் ஹைலைட்ஸ் பழகிய முகங்களின் புகைப்படம் போல. பார்க்காத ஆட்டத்தினுடையது அப்படிப் பேசாது.

எப்படித் தேர்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஆட்டத்தில் என் மனம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதை நேரலையில் பார்ப்பேன். தோற்றால் வலிக்கும் என்று தெரிந்த ஆட்டத்தில்தான் ஒரு சாதாரண ஓவர்கூடக் கவனத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டு ஆட்டங்கள் அப்படி அமைந்துவிட்டால், முழுப் பதிவு கிடைக்கக்கூடியதை வார நாட்களுக்குத் தள்ளிவைப்பேன். டென்னிஸ் அதற்கு மிக ஏற்றது. ஒரு நாளைக்கு ஒரு செட் என்று பார்க்கலாம். கார் பந்தயம் எனக்கு அப்படிப் பார்க்க வரவில்லை. ஒரு பக்கமும் சாராத ஆட்டங்களை முடிவோடு விட்டுவிடுகிறேன். டெஸ்ட் போட்டியின் ஐந்தாம் நாள் என்று ஒன்று இருந்தால் மட்டும், யார் ஆடினாலும், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதன் முன் உட்காருவேன்.

அன்புடன்.