டென்ஷன் ஆனதால்தான் கரு தங்கவில்லையா?

கேள்வி: எனக்கு 33 வயது, ஈரோடு பக்கம். கல்யாணமாகி 7 வருடம் ஆகிறது. இரண்டு முறை ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) செய்தும் தங்கவில்லை. முதல் தடவை நெகட்டிவ் வந்ததிலிருந்து மனசு சரியில்லாமல் போய், மனநல மருத்துவர் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை 50 மி.கி. கொடுத்தார். எட்டு மாதம் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் மூன்றாவது டிரான்ஸ்ஃபர் (கருவைக் கருப்பையில் வைப்பது), ஃப்ரோசன் எம்ப்ரியோ, அதாவது உறைய வைத்த கரு. கருவுக்கு ஆகாதோ என்று பயந்து மூன்று வாரத்துக்கு முன் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். இப்போது தூக்கமே இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, இருந்து என்ன பிரயோஜனம் என்றுகூடத் தோன்றுகிறது. "எந்நேரமும் மனசைப் போட்டுக் குழப்பிக்கிட்டே இருந்தா எப்படித் தங்கும்" என்கிறார் மாமியார். என் டென்ஷனால்தான் தங்கவில்லையா டாக்டர்? மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாமா?

பதில்: நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். "இருந்து என்ன பிரயோஜனம்" என்று தோன்றுவதை, டிரான்ஸ்ஃபர் முடியட்டும், பீட்டா (கரு தங்கியதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) ரிசல்ட் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரை இன்றைக்கே கூப்பிட்டு, மூன்று வாரமாக நிறுத்தியிருக்கிறேன், இப்படியெல்லாம் எண்ணம் வருகிறது என்று இரண்டையும் சொல்லுங்கள். அவர் கிடைக்கவில்லை, அல்லது ராத்திரியில் அந்த எண்ணம் பலமாக வருகிறது என்றால் 14416, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. எப்படிச் செத்துப்போவது என்ற அளவுக்கு யோசனை போனால் போனோடு நிற்காமல் கணவரையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எப்படியானாலும் வீட்டில் ஒருவருக்காவது இது இன்று தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. இல்லை, உங்கள் டென்ஷனால் கரு தங்காமல் போகவில்லை. உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை, இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஜாக்கி பாய்வினும் அவரோடு சேர்ந்தவர்களும், ஐவிஎஃப் போன்ற சிகிச்சை தொடங்கும் முன்பே பெண்களின் பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளந்து வைத்திருந்த 14 ஆய்வுகளை எடுத்து, அவற்றிலிருந்த 3,583 பெண்களின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2011ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். கவலையோடு சிகிச்சைக்கு வந்தவர்களுக்கும் நிம்மதியாக வந்தவர்களுக்கும் அந்தச் சுற்றில் கரு தங்குவதில் வித்தியாசம் இல்லை. நம் ஊரில் குழந்தை இல்லாத எந்த வீட்டிலும் "மனசை லேசா வெச்சுக்கோ, தானா தங்கும்" என்று சொல்லாத ஆளே இல்லை. சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தை, நெகட்டிவ் வந்த அன்று நடந்ததற்கெல்லாம் அந்தப் பெண்ணையே பொறுப்பாளி ஆக்கிவிடுகிறது, அதனால்தான் எனக்கு அதைக் கேட்டாலே வருத்தமாக இருக்கிறது.

பிறகு ஏன் தங்கவில்லை? பெரும்பாலான சமயம் காரணம் கருவுக்குள்ளேயே இருக்கிறது. சினைமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் ஒன்று கூடியோ குறைந்தோ போனால், அந்தக் கரு மைக்ரோஸ்கோப்பில் அழகாகத் தெரிந்தாலும், கிரேடு நன்றாக இருந்தாலும், ஒட்டாது, ஒட்டினாலும் சீக்கிரமே நின்றுவிடும். உங்கள் வயதில் ஐந்தாம் நாள் கருக்களில் சுமார் மூன்றில் ஒன்று அப்படித்தான் இருக்கும், 40 தாண்டினால் பாதிக்கும் மேல். குரோமோசோம் சரியாக இருக்கும் கருவும் எல்லா முறையும் ஒட்டுவதில்லை. நீங்கள் அழுதது, மாடிப்படி ஏறியது, வேலைக்குப் போனது எதுவும் இந்தக் கணக்கில் வராது. டிரான்ஸ்ஃபருக்குப் பிறகு படுத்தே கிடந்தால் தங்கும் என்பதும் அப்படித்தான். படுக்கை ஓய்வை ஆராய்ந்ததில் அதனால் எந்த லாபமும் தெரியவில்லை. உங்களையும் பதினாலு நாள் படுக்க வைத்திருந்தால், இந்தத் தடவை வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். சும்மா படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கவலைதான் கூடும்.

மனசு சரியில்லாதது சிகிச்சையைப் பாதிப்பது வேறு வழியில். கையில் பணமும் கருவும் இருந்தும் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் பலர், அதற்கு அவர்கள் சொல்லும் முக்கியமான காரணங்களில் ஒன்று, மனசு இதுக்கு மேல தாங்காது என்பது. அப்புறம், குழந்தை கிடைப்பதற்காகத்தான் உங்கள் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும், அதற்காகவே பார்க்க வேண்டும்.

மாத்திரை விஷயம். நீங்களாக நிறுத்தியது புரிகிறது, உங்கள் இடத்தில் இருக்கும் பலரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் இப்போதிருக்கும் தூக்கமின்மையும் அழுகையும் பழைய மனச்சோர்வு திரும்புகிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். 2006ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், கடுமையான மனச்சோர்வு ஏற்கெனவே வந்து மாத்திரையால் சரியாகியிருந்த 201 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். மாத்திரையை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கு கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வு திரும்பியது, தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு. லேசாக வந்து போனவர்களுக்கு இவ்வளவு வித்தியாசம் இருக்காது, அதனால் எல்லாரும் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிறுத்திய மூன்றே வாரத்தில் உங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறது. அதைத்தான் உங்கள் டாக்டர் முதலில் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

கருவுக்கு ஆகாதோ என்ற பயத்துக்கு வருகிறேன். மனச்சோர்வு மருந்துகளில் கர்ப்பத்தில் முதலில் யோசிப்பது பெரும்பாலும் செர்ட்ரலினைத்தான். முதல் மூன்று மாதத்தில் இந்த வகை மருந்து சாப்பிட்டால் குழந்தையின் இதயத்தில் கோளாறு வருமா என்று அமெரிக்காவில் 9,49,504 கர்ப்பங்களின் பதிவுகளை வைத்துப் பார்த்து 2014ல் வெளியிட்டார்கள், அம்மாவின் மனச்சோர்வு போன்ற மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது சொல்லும்படியான கூடுதல் ஆபத்து தெரியவில்லை. ஆபத்தே இல்லாத மருந்து என்று இதற்கு அர்த்தமில்லை. கடைசி மாதங்களில் சாப்பிட்டிருந்தால் சில குழந்தைகள் பிறந்ததும் சில நாள் நடுக்கமாக, எரிச்சலாக, பால் குடிக்கச் சிரமப்படும்படி இருக்கலாம், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், டாக்டர்கள் கவனித்துக்கொள்வார்கள். தாய்ப்பாலில் இது போவது மிகக் குறைவு. சாப்பிடாமல் விட்டாலும் ஆபத்து இருக்கிறது. கவனிக்காமல் விட்ட மனச்சோர்வில் அம்மா சரியாகச் சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார், செக்கப்புக்குப் போக மாட்டார், உயிருக்கே ஆபத்தும் வரலாம். ஆனால் பழைய சீட்டை வைத்துக்கொண்டு நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம், எத்தனை மில்லிகிராமில் தொடங்குவது என்பதை உங்கள் மனநல மருத்துவர் சொல்லட்டும். செர்ட்ரலின் சாப்பிடுவதை ஐவிஎஃப் டாக்டரிடம் மறைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், இரண்டு டாக்டரும் ஒருவரோடு ஒருவர் ஒருமுறை பேசிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் இப்போதே சொல்லி வைக்கிறேன். நீங்கள் ஆசைப்படுகிறபடி கரு தங்கிக் குழந்தை பிறந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று உங்கள் வீட்டில் நினைப்பார்கள். இத்தனை வருடம் தவமிருந்து பெற்றவளுக்கு அழுகை எதற்கு என்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்வீர்கள். ஒருமுறை மனச்சோர்வு வந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு வரும் வாய்ப்பு கூடுதல். பெற்ற மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வரும் அழுகை பலருக்கும் வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும், அதைத் தாண்டி நீடித்தால் சும்மா விடக் கூடாது. வேலூரைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமப் பெண்கள் 359 பேரைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து கவனித்து, 2002ல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தது 11 சதவீதம் பேருக்கு. யாருக்கெல்லாம் வந்தது என்று பாருங்கள்: வருமானம் குறைவான வீடு, ஆண் குழந்தை எதிர்பார்த்துப் பெண் பிறந்த வீடு, மாமியாரோடோ பெற்றவர்களோடோ சுமுகம் இல்லாத வீடு, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாத வீடு. அந்தப் பட்டியலில் பெரும்பங்கு சுற்றியிருப்பவர்கள் மாற்றக்கூடியது. உங்கள் மாமியார் இதைப் படிப்பார் என்றால் அவருக்கும்தான் எழுதுகிறேன். அம்மா, அவளுக்கு இப்போது புத்திமதி வேண்டாம், ஒரு வாய் சாதம் பிசைந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அது போதும்.

கணவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீங்கள். அவர் எப்படி இருக்கிறார் என்று யாராவது கேட்டார்களா? ஐவிஎஃப் அல்லாத கருத்தரிப்பு சிகிச்சை எடுத்துக்கொண்ட தம்பதிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2018ல் வெளியான ஆய்வு ஒன்றில், மனைவிக்கு மனச்சோர்வு இருந்ததால் குழந்தை பிறப்பது குறையவில்லை, கணவருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்த தம்பதிகளிடம்தான் குறைந்திருந்தது. அப்படிப்பட்ட கணவர்கள் அதில் மிகச் சிலர், அதனால் ஒரேயடியாக எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனாலும் மனசைப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு பேரையும்தானே பார்க்க வேண்டும். உங்கள் மையத்தில் கவுன்சலிங் உண்டா என்று கேளுங்கள், வெற்றி வாய்ப்பையும் சிகிச்சையின் விளைவுகளையும் விளக்கி ஆலோசனை தருவது 2021ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அவர்கள் கடமை. கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து உட்காரலாம்.

கடைசியாக, அடுத்த மாதம் என்று குறித்த தேதி. மனநல மருத்துவர் ஒன்றிரண்டு மாதம் பொறுக்கலாம் என்று சொன்னால் பதறாதீர்கள். உறைய வைத்த கரு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கிறது, உறைய வைத்த அன்று உங்கள் வயது என்னவோ அதுதான் அதன் வயது, இரண்டு மாதத்தில் அதற்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, கொஞ்சம் தெளிந்த பிறகு புதிதாக ஒரு தேதி வாங்கிக்கொள்ளலாம். முதலில் இன்றைக்கு அந்த போனைப் பண்ணுங்கள்.