ஜட்ஜ் குறைக்க முடியாத தண்டனைகள்: வாசகர் கேள்வி-பதில்

கே: மச்சான் மேல் காட்டெருமை வேட்டை வழக்கு. முதல் வழக்கு என்பதால் அபராதத்தோடு விடுவார்களா? (குன்னூர் வாசகர்)

ப: மாட்டார்கள். காட்டெருமை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு. குற்றம் உறுதியானால் குறைந்தது 3 வருடம், 7 வரை போகலாம். அபராதம் 25,000க்குக் குறையாது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய சம்பவம் என்றால் 10,000. தேதியை நீங்கள் எழுதவே இல்லை! சம்பவ தேதி, வழக்கில் போட்ட பிரிவு, இரண்டும் இல்லாமல் கேள்வி அனுப்பாதீர்கள். முதுமலை சரணாலயத்துக்குள் நடந்திருந்தால் ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடும் நன்னடத்தைச் சட்டமும் கைகொடுக்காது, 18 வயது நிரம்பாதவரைத் தவிர.

கே: குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் ஜெயில் கட்டாயமா? (கூடலூர்)

ப: முதல் தடவைக்கு இல்லை. 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 அபராதம், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் முடிவு.

கே: தம்பியிடம் 21 கிலோ கஞ்சா பிடித்ததாக வழக்கு. குடும்ப நிலைமையைச் சொல்லி 2, 3 வருடமாகக் குறைக்கலாமா? (கொடைக்கானல்)

ப: முடியாது. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. 10 முதல் 20 வருடம், அபராதம் 1 முதல் 2 லட்சம், ஜாமீனுக்கும் போதைப்பொருள் சட்டத்தின் 37வது பிரிவு குறுக்கே நிற்கும். அம்மாவின் மருத்துவச் சீட்டைக் காட்டினாலும் 10 வருடத்தில் ஒரு நாள் குறைக்க ஜட்ஜுக்கு அதிகாரமில்லை. அதே சரக்கு 19 கிலோ என்றால் 10 வருடம்தான் உச்சம். ஆளையும் சூழ்நிலையையும் பார்த்து 2 வருடம்கூடப் போடலாம். கோர்ட்டிடமிருந்து எடுத்த அதிகாரம் தராசு பிடிக்கும் போலீசிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இது அநியாயம். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

அதனால் தண்டனை சொல்லும் நாள்வரை காத்திருக்காதீர்கள். மகஜர் (பொருளைப் பிடித்தபோது போலீஸ் எழுதும் பதிவு) நகலை இப்போதே வாங்குங்கள். 21 கிலோ என்பது சாக்கு, பாலிதீன் உறையோடு சேர்த்தா, சரக்கு மட்டுமா? சட்டப்படி கஞ்சா என்பது பூவும் காயும் பிடித்த நுனிதான். அதோடு சேராமல் தனியாக இருக்கும் இலை, விதை கணக்கில் வராது. பிரித்து எடை போட்டார்களா? மலையில் மழைக்காலத்து ஈரச் சாக்கே எடையைக் கூட்டிவிடும். அதே சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி மாஜிஸ்திரேட் முன்னால் எடுத்த கணக்கு மகஜரோடு ஒத்துப்போகிறதா? இத்தனையையும் குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டும். அங்கே கோட்டை விட்டால் மேல்முறையீட்டில் சரிசெய்வது கஷ்டம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100க்குப் பேசுங்கள்.

கே: தோட்டத்தில் பூண்டு திருடியதாக மகன் மேல் வழக்கு. ஜெயில்தானா? (பூம்பாறை)

ப: மதிப்பு 5,000க்குள், முதல் தண்டனை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டம்) 303இல் சமூக சேவைதான். மலைப்பூண்டு விலைக்கு ஒரு மூட்டையே அந்த வரம்பைத் தாண்டிவிடும். இங்கேயும் மகஜர் நகலை வாங்கி எடையையும், கிலோவுக்கு என்ன விலை போட்டார்கள் என்பதையும் பாருங்கள். 2024 ஜூலைக்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய ஐ.பி.சி.தான்.

கே: கொலைக்கு ஆயுளுக்குக் கீழே தர முடியாதா? (கோத்தகிரி)

ப: கொலை என்று முடிவானால் முடியாது, ஆயுள் அல்லது தூக்கு. ஆயுள் கைதி செய்யும் கொலைக்குத் தூக்கு மட்டுமே என்றிருந்த பழைய ஐ.பி.சி. 303வது பிரிவை சுப்ரீம் கோர்ட் 1983இல் மித்து வழக்கில் ரத்து செய்துவிட்டது.

கே: ரிமாண்டில் இருந்த 7 மாதத்தைக் கழிப்பார்களா? (ஊர் எழுதவில்லை)

ப: தண்டனைக் காலத்தில் கழிப்பார்கள். அபராதம் கட்டாததற்கான சிறையில் கழிக்கமாட்டார்கள். தீர்ப்பு நகலில் அந்த நாட்கள் சரியாக ஏறியிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.