முதல் போணிக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: ஜன்னல் கண்ணாடி சுத்தம் செய்யும் தொழில் ஆரம்பித்து ஏழு வாரமாகிறது அக்கா. வாளி, வைப்பர், ஏணி, நீளக் கம்பு எல்லாம் வாங்கிவிட்டேன். 2,000 நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போட்டேன். இரண்டே பேர் போன் செய்தார்கள்; ரேட்டைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். என் மாமா வீட்டைத் தவிர இதுவரை ஒரு ஜன்னல்கூடத் துடைக்கவில்லை. ரேட்டைப் பாதியாகக் குறைக்கலாமா? காசு கொடுத்து ஆன்லைனில் விளம்பரம் போடலாமா? கடை கடையாக ஏறிக் கேட்கலாம் என்றால் கூச்சமாக இருக்கிறது. முதல் பத்து வாடிக்கையாளர்கள் எங்கிருந்துதான் வருவார்கள்?

அன்புள்ள தம்பி,

"மாமா வீட்டைத் தவிர" என்று நீங்கள் எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன். ஏழு வாரத்தில் நீங்கள் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். அதைப் போய் ஒரு குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் ஏணி போட்டு நின்றபோது எதிர் வீட்டில் யாராவது எட்டிப் பார்த்தார்களா? பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் நின்றாரா? அவர்களிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டாவது வேலை அன்று சாயங்காலமே கிடைத்திருக்கலாம்.

நானும் என் தம்பியும் இதே தொழிலை ஆறு வருஷம் நடத்தியிருக்கிறோம். அதனால் ஏட்டுச் சுரைக்காயாக எதுவும் சொல்லப்போவதில்லை. எங்களுக்கும் முதல் மாதம் நோட்டீஸிலேயே கரைந்தது.

நோட்டீஸ் ஏன் எடுபடவில்லை என்று அப்புறம்தான் புரிந்தது. கண்ணாடியில் அழுக்கு ஒரே நாளில் ஏறுவதில்லை. தினமும் கொஞ்சம் தூசி, கொஞ்சம் புகை, கை பட்ட எண்ணெய்ப் பசை என்று படலம் படலமாக ஏறுகிறது. வீட்டுக்காரரின் கண்ணும் அதற்குக் கூடவே பழகிவிடுகிறது. குழாய் ஒழுகினால் உடனே ஆளைத் தேடுவார்கள். ஜன்னல் மங்கினால் இன்றைக்கு வெளிச்சம் கம்மி என்று நினைத்துக்கொண்டு விளக்கைப் போடுவார்கள். அப்படிப்பட்டவருக்கு உங்கள் நோட்டீஸ் தன்னிடம் இல்லாத நோய்க்கு யாரோ கொடுக்கிற மருந்துச் சீட்டு. தன் ஜன்னல் அழுக்காக இருப்பது அவருக்கு எப்போது தெரியும் என்றால், துடைத்த கண்ணாடி ஒன்று பக்கத்திலேயே இருக்கும்போதுதான். இந்தத் தொழிலில் ஆள் பிடிக்கும் வேலை முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

எங்கள் முதல் கடை ஒரு மருந்துக்கடை. என் தம்பி உங்களைவிடக் கூச்ச சுபாவம். உள்ளே போய் எச்சில் விழுங்கிக்கொண்டு, "இந்த ஒரு கண்ணாடியை மட்டும் துடைத்துக் காட்டட்டுமா? காசு வேண்டாம்" என்று கேட்டான். கடைக்காரர் தலையாட்டினார். சோப்புத் தண்ணீரில் தோய்த்த துணியுறையால் கண்ணாடி முழுக்க, மூலைகளில் இரண்டு தடவை, அழுத்தித் தேய்த்தான். மேல் விளிம்பில் விரலகலத்துக்கு உலர்ந்த துணியால் ஒரு கோடு துடைத்துக்கொண்டு அங்கே வைப்பரை வைத்தான். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ரப்பரை இடுப்பிலிருந்த துணியில் துடைத்துவிட்டு, முந்தைய இழுப்பின் மேல் கொஞ்சம் ஏறும்படி அடுத்த இழுப்பு. கடைசியில் ஓரங்களில் நின்ற தண்ணீரை ஒற்றி எடுத்தான். மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்கும்.

ஒன்றும் பேசாமல் ஒதுங்கி நின்றான். கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். துடைத்த கண்ணாடி வழியாக, உள்ளே அடுக்கியிருந்த டப்பாக்களின் எழுத்தைப் படிக்க முடிந்தது. பக்கத்துக் கண்ணாடியில் டப்பாக்களின் நிறம் மட்டும்தான் தெரிந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர், "அதையும் முடித்துவிட்டு உள்ளே வா, பேசலாம்" என்றார். அதுதான் எங்கள் முதல் போணி.

கூச்சம் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் மருந்து இதில்தான் இருக்கிறது. வாய் பேச வேண்டியதை வைப்பர் பேசிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு கண்ணாடிக்கு அனுமதி.

நீங்கள் கையில் வைத்திருக்கும் வைப்பர் வந்த கதையும் இப்படித்தான். எட்டோரே ஸ்டெக்கோனே என்று ஓர் இத்தாலியர். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஜன்னல் துடைத்துப் பிழைத்தவர். அந்தக் காலத்தில் புழங்கிய வைப்பர் கனமான இரும்புச் சாமான். ரப்பரை மாற்ற ஒரு டஜன் திருகாணியைக் கழற்ற வேண்டும். அவர் பித்தளையில், ஒற்றை ரப்பர் பட்டையோடு, லேசாக ஒன்றை 1936-ல் செய்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். சாமான் விற்கும் கடைக்காரர்களோ அதைச் சீந்தவில்லை. ஒரு கடைக்காரரிடம், "ஒரு மாதத்துக்குள் நீங்களே என்னிடம் கேட்டு வாங்குவீர்கள்" என்று ஒரு தொப்பியைப் பந்தயம் கட்டிவிட்டு, சுற்றுவட்டாரத்தில் ஜன்னல் துடைப்பவர்களுக்கெல்லாம் அதை இலவசமாகக் கொடுத்தாராம். ஒரு முறை இழுத்துப் பார்த்தவர்கள் அதே கடைக்குப் போய், "அந்த வைப்பர் இருக்கிறதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பந்தயத் தொப்பி எட்டோரேவுக்குத்தான் என்று சொல்வார்கள். கடைக்காரரோடு வாதாடாமல், பொருளைப் பயன்படுத்துகிறவர் கையில் கொடுத்துவிட்டார். நீங்கள் ஒரு கண்ணாடியைத் துடைத்துக் காட்டுவதும் அதே காரியம்தான்.

சரி, எங்கே போய்க் காட்டுவது? முதலில் கடைகள். வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை கூப்பிடுவார். கடைக்காரருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சிலருக்கு வாரா வாரம் வேலை இருக்கும். ஒரு தடவைக்குக் கிடைக்கும் காசு குறைவு. ஆனால் நாள் குறித்து வரும் காசு. அதோடு, கடைக்கு முன்னால் நீங்கள் வேலை செய்வதைத் தெருவே பார்க்கும்.

ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம். இதை நான் அடித்துச் சொல்வேன். நாங்கள் ஆரம்பத்தில் எங்கே கூப்பிட்டாலும் ஓடினோம். பத்து நிமிஷ வேலைக்கு நாற்பது நிமிஷம் பயணம். நாள் முழுக்க அலைந்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஒரே தெருவில் நாலு கடை பிடித்தபோதுதான் மூச்சு விட முடிந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு நடந்தே போகலாம். ஐந்தாவது கடைக்காரர் அவராகவே கூப்பிடுவார், ஏனென்றால் இப்போது தெருவிலேயே மங்கலாக இருப்பது அவர் கண்ணாடி.

கடை திறந்து, கூட்டம் சேர்வதற்கு முந்தைய நேரத்தில் போங்கள். வாளியும் வைப்பரும் கையில் இருக்கட்டும். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று அதுவே சொல்லிவிடும். முடிவெடுப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள். முதலாளி இல்லை என்றால் அவர் எப்போது வருவார் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ரேட்டை அங்கேயே சொல்லிவிட வேண்டும். "பார்த்துச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டால் அந்த ஆர்வம் ஆறிப்போகும். "வெளிப்பக்கம் மட்டும் என்றால் இவ்வளவு, உள்ளேயும் சேர்த்தால் இவ்வளவு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதே நாளில் வருவேன்" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். வீட்டுக் கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லிப் பழகிக்கொண்டால் நாக்கு குழறாது.

வேண்டாம் என்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அதை மனசில் ஏற்றிக்கொள்ளாமல் நோட்டில் ஏற்றுங்கள். எந்தக் கடை, யாரிடம் பேசினீர்கள், என்ன காரணம் சொன்னார் என்று எழுதிவைத்து ஒரு மாதம் கழித்து மறுபடி போங்கள். எங்களுக்கு நெடுநாள் வாடிக்கையாக இருந்த ஒரு துணிக்கடை, முதல் இரண்டு தடவையும் எங்களைத் திருப்பி அனுப்பிய கடை. மூன்றாவது தடவை போனபோது, அதுவரை வந்துகொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டிருந்தார்.

வீடுகளைப் பொறுத்தவரை ஒரு வேலை முடிந்ததுமே அடுத்த வேலையைத் தேட வேண்டும். ஒரு வீட்டை முடித்துவிட்டுக் கிளம்பும் முன், இரண்டு பக்கத்து வீடுகளையும் எதிரே இருக்கும் இரண்டு மூன்று வீடுகளையும் தட்டுங்கள். "பக்கத்து வீட்டில் இப்போதுதான் முடித்தேன். ஏணியும் தண்ணீரும் இங்கேயே இருக்கிறது. உங்கள் வீட்டையும் பார்த்து ரேட் சொல்லட்டுமா?" என்று கேட்டால் போதும். துடைத்த ஜன்னல் அங்கேயே சாட்சியாக நிற்கும். வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லலாமா என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து எப்போது வரலாம் என்று பேசித் தேதி குறிக்காமல் அந்த வாசலை விட்டு இறங்காதீர்கள். ஆறு மாதம் கழித்து என்றாலும் பரவாயில்லை. "தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன்" என்பவர் பெரும்பாலும் மறந்துவிடுவார்.

"துடைத்த மறுநாள் மழை பெய்தால் வீண்தானே?" என்ற கேள்வி நிச்சயம் வரும். மழைநீர் பெருமளவு சுத்தமானது, கண்ணாடியில் ஏற்கெனவே இருக்கும் தூசிதான் அதில் கரைந்து வடுவாகிறது என்று விளக்குங்கள். அதோடு, மூன்று நாளுக்குள் மழையில் கறை விழுந்தால் வெளிப்பக்கத்தை இலவசமாகத் துடைத்துத் தருவதாகச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிச் சொன்னதில் திரும்பக் கூப்பிட்டவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் அந்த வாக்குறுதிக்காகவே சரி என்றவர்கள் பலர்.

ரேட்டைப் பாதியாக்க வேண்டாம் தம்பி. போன் செய்த இரண்டு பேரும் ரேட் அதிகம் என்பதால் வைத்துவிட்டார்கள் என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். உங்கள் வேலையை அவர்கள் பார்த்ததே இல்லையே, ரேட்டைத் தவிர அவர்கள் வேறு எதைக் கேட்க முடியும்? பாதி ரேட்டுக்கு வருகிறவர் இன்னும் குறைவாகச் சொல்லும் ஆள் கிடைத்ததும் போய்விடுவார். இருக்கிறவரிடம் பின்னால் ரேட்டை ஏற்றுவதும் பெரும் பாடு. மாமா வீட்டில் எத்தனை கண்ணாடி, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்குப் போட்டு, அதிலிருந்து ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காகத் தொடாத ஜன்னலுக்கு முதல் தடவை நேரம் அதிகம் பிடிக்கும். அதற்கு ஒரு ரேட், தொடர்ந்து வரும்போது அதைவிடக் குறைந்த ரேட். எதையாவது சலுகையாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் ஜன்னல் சட்டத்தையும் அடியில் இருக்கும் பள்ளத்தையும் சேர்த்துத் துடைத்துக் கொடுங்கள்.

முதல் வாடிக்கையாளர்களைத் தேடும்போது எந்த வேலை வந்தாலும் சரி என்று தோன்றும். அந்த அவசரத்தில்தான் நாங்கள் பட்டோம். புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில், கண்ணாடியெங்கும் சிமென்ட் துளியும் பெயின்ட் துளியும். பிளேடு வைத்துச் சுரண்டினோம். மறுநாள் வெயில் சாய்வாக விழுந்தபோது கண்ணாடி முழுக்க மெல்லிய கீறல்கள். உலையில் பதப்படுத்திய கண்ணாடியில் சில சமயம் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள்கள் ஒட்டி இறுகியிருக்கும். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போய்க் கீறிவிடும். மாற்றுக் கண்ணாடிக்கு எங்கள் கையிலிருந்துதான் கொடுத்தோம். ஆகவே கட்டட வேலை முடிந்த வீடுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு வெள்ளையாகப் படிந்த கறையும் சோப்புக்குப் போகாது, அது தாது உப்பு. "இது இந்த ரேட்டில் போகாது" என்று தொடும் முன்பே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறலையும் முதலிலேயே காட்டிவிடுங்கள். அப்படிச் சொன்னதற்காகவே எங்களை நம்பிச் சாவியைக் கொடுத்தவர்கள் உண்டு.

ஏணி விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சாய்க்கும் ஏணி என்றால், அது சுவரில் தொடும் உயரம் நாலு பங்கு என்றால் ஏணியின் அடிப்பக்கம் சுவரிலிருந்து ஒரு பங்கு தள்ளி இருக்க வேண்டும். மாடி ஜன்னலைக் கம்பால் தரையில் நின்றே செய்ய முடிந்தால் அப்படியே செய்யுங்கள். முடியாத உயரம் என்றால் வேலையை விட்டுவிடுங்கள். காசு வந்ததும் முதல் செலவு விபத்துக் காப்பீடாகவும், பிறர் பொருளுக்குச் சேதம் வந்தால் ஈடுசெய்யும் காப்பீடாகவும் இருக்கட்டும்.

காசு கொடுத்து விளம்பரம் இப்போது வேண்டாம். கூகுள் மேப்ஸில் உங்கள் தொழிலை இலவசமாகப் பதிவு செய்யுங்கள். பாதி துடைத்த நிலையில் ஒரே ஜன்னலின் படத்தை எடுத்துப் போடுங்கள். முன், பின் என்று இரண்டு படம் போடுவதைவிட இது நன்றாகப் பேசும். வேலை முடிந்த அன்றே, அவர்கள் மனம் குளிர்ந்திருக்கும்போதே, இரண்டு வரி ரிவ்யூ கேளுங்கள். பெயின்டர்கள், வீடு வாடகைக்குப் பார்த்துக் கொடுப்பவர்கள், வீட்டைக் கூட்டிப் பெருக்க வருகிறவர்கள் இவர்களிடமும் நம்பரைக் கொடுத்துவையுங்கள். காலியான வீட்டின் சாவி அவர்கள் கையில்தான் முதலில் வரும்.

மிச்சம் இருக்கும் நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால், துடைத்த தேதியும் அடுத்து வரும் தேதியும் எழுதி ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கொடுக்கலாம்.

இந்த வாரம் மாமாவுக்கு ஒரு போன் போடுங்கள். ஜன்னலை மறுபடி துடைத்துத் தருகிறேன் என்று சொல்லி, பகலில், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். தெருப் பக்கத்து ஜன்னலில் ஆரம்பியுங்கள். யாராவது நின்று பார்த்தால் வைப்பரைக் கீழே வைத்துவிட்டு வணக்கம் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து நோட்டில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா