டிஃபென்ஸ் கோச்சாகவே ஒருவர் ஓய்வுபெற முடியுமா?

"அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் டிஃபென்ஸ் கோச் வேலை என்பது தலைமைக் கோச் ஆவதற்கான படிக்கட்டு மட்டும்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோருக்கு ஆமாம். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக அணியின் டிஃபென்ஸ் கோச்சாக இருந்த பட் (Bud) ஃபாஸ்டருக்கு இல்லை. (இது முட்டைவடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம், நம்மூர் கால்பந்து இல்லை. எதிரணியைப் புள்ளி எடுக்கவிடாமல் தடுக்கும் ஆட்டக்காரர்கள்தான் டிஃபென்ஸ்.)

தான் ஆடிய மரே ஸ்டேட் பல்கலைக்கழகத்திலேயே உதவியாளராகத் தொடங்கியவர். அங்கே தலைமைக் கோச்சாக இருந்த ஃபிராங்க் பீமர் 1987-இல் வர்ஜீனியா டெக்கிற்குப் போனபோது இவரும் கூடவே போனார். முதலில் லைன்பேக்கர்களுக்கு, அதாவது டிஃபென்ஸின் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்பவர்களுக்குப் பயிற்சி. 1995-இல் டிஃபென்ஸ் பொறுப்பு.

அவர் பாணி முரட்டுத்தனமானது. எட்டுப் பேரை முன்வரிசைக்கு அருகே நிறுத்தி எதிரணியின் ஓட்டத்தை நெரிப்பார். பின்னால் ஆள் குறைவு என்பதால், தப்பினால் நீளமான பாஸுக்கு அடி வாங்க வேண்டியதுதான். அந்த ஆபத்தைத் தெரிந்தே எடுத்தார். சுரங்கத் தொழிலாளி கொண்டுபோவது போன்ற பழைய தகரச் சாப்பாட்டுத் தூக்கு ஒன்றுதான் அவருடைய டிஃபென்ஸின் சின்னம். உழைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று அர்த்தம்.

2006-இல் நாட்டின் சிறந்த உதவிக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது கிடைத்தது. 2015 சீசனோடு பீமர் விலகினார். புதிதாக வந்த ஜஸ்டின் ஃபுவென்டே இவரை அப்படியே வைத்துக்கொண்டார். புது முதலாளி பழைய ஆட்களை மாற்றுவதே வழக்கமான இந்தத் தொழிலில், என்னைக் கேட்டால், விருதைவிட இதுதான் பெரிய சான்றிதழ். 2019 சீசன் முடிந்து ஓய்வுபெற்றார், கடைசிவரை டிஃபென்ஸ் கோச்சாகவே.