முதுகு திரும்பவில்லையா, இடுப்பு திரும்பவில்லையா? கோல்ஃப் ஸ்விங் குறித்த கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே குறையைச் சுற்றியே அமைந்துள்ளன: பேக்ஸ்விங் (பந்தை அடிக்குமுன் கிளப் எனும் மட்டையைப் பின்னோக்கி உயர்த்துவது) முழுமையாக வரவில்லை, வலிந்து கொண்டுபோனால் முதுகு பிடித்துக்கொள்கிறது. விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் இயன்முறை மருத்துவன் என்ற முறையில் விடையளிக்கிறேன். எல்லா விடைகளும் வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இடக்கை ஆட்டக்காரர்கள் இடம் வலத்தை மாற்றி வாசித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி (சென்னை, மென்பொருள் துறை, வயது 41): குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சியை நெடுநாளாகச் செய்துவருகிறேன். இப்போது உள்ளங்கையே தரையில் படுகிறது. ஆனால் பேக்ஸ்விங்கில் தோள் திரும்புவது சிறிதும் கூடவில்லை. ஏன்?

பதில்: நீங்கள் வளர்த்துக்கொண்டது குனியும் திறன், ஸ்விங்குக்குத் தேவை திரும்பும் திறன். இரண்டும் வெவ்வேறு மூட்டுகளில் நிகழ்பவை. கீழ் முதுகில் உள்ள ஐந்து எலும்புக் கண்ணிகளின் இணைப்புகள் முன்னும் பின்னும் வளைவதற்கு ஏற்றவாறு அமைந்தவை. அவை ஐந்தும் சேர்ந்தாலும் ஒரு பக்கமாகப் பத்துப் பதினைந்து பாகைக்கு மேல் திரும்புவதில்லை. விலா எலும்புகள் பொருந்தியிருக்கும் மேல் முதுகின் பன்னிரண்டு கண்ணிகளும், இரு இடுப்பு மூட்டுகளும்தான் திரும்புவதற்கென்றே அமைந்தவை. நாள் முழுவதும் மடிக்கணினிமுன் கூன் போட்டு அமர்ந்திருப்பவருக்கு முதலில் இறுகுவதும் இவ்விரு இடங்கள்தான். அவை கொடுக்காத சுழற்சியைக் கொடுக்க இயலாத கீழ் முதுகிடமிருந்து பிடுங்குகிறோம். கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் கீழ் முதுகு வலி இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எனவே நீட்டிப் பயிற்சி தொடங்குமுன் எந்த இடம் திரும்பவில்லை என்று அளந்து பாருங்கள். சதுர டைல்ஸ் பதித்த தரையில், டைல்ஸின் கோட்டுக்கு நேராக ஒரு முக்காலியைப் போட்டு அமருங்கள். முழங்கால்களுக்கு நடுவே மடித்த துண்டை இறுக்கிப் பிடியுங்கள். துண்டு நழுவினாலோ ஒரு முழங்கால் முன்னே போனாலோ இடுப்பு திருட்டுத்தனமாகத் திரும்புகிறது என்று பொருள். ஒரு கிளப்பைத் தோள்களின் குறுக்கே மார்போடு அணைத்தபடி மெதுவாக வலப்புறம் திரும்புங்கள். சதுர டைல்ஸின் மூலைவிட்டம் சரியாக 45 பாகை காட்டும். கிளப் அந்தச் சாய்கோட்டுக்கு இணையாக வந்துவிட்டால் உங்கள் மேல் முதுகில் குறையில்லை. கோல்ஃப் ஆட்டக்காரர்களின் உடலசைவை ஆராய்வதற்காகக் கலிஃபோர்னியாவில் 2003இல் தொடங்கப்பட்ட டைட்டிலிஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் இன்ஸ்டிடியூட் பயன்படுத்தும் சோதனைகளிலும் இது ஒன்று. அவர்கள் எதிர்பார்ப்பதும் இந்த 45 பாகையைத்தான்.

அளவு குறைந்தால், ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை இடுப்புக்கு நேராக மடக்கி, இரண்டுக்கும் நடுவே தலையணை வைத்துக்கொள்ளுங்கள். மேல் கையை வானத்தை நோக்கி உயர்த்தி, மூச்சை வெளியே விட்டபடியே முதுகுக்குப் பின்னால் தரையை நோக்கித் தாழ்த்துங்கள். கண்கள் கையைத் தொடரட்டும். மூச்சை விடும்போது விலாக்கூடு தளர்வதால்தான் அந்தக் கடைசிச் சில பாகைகள் கிடைக்கின்றன. மூச்சை அடக்கிக்கொண்டு செய்பவருக்கு இப்பயிற்சி பெரிதாகப் பயன்படுவதில்லை. பக்கத்துக்கு எட்டுப் பத்து முறை போதும்.

கேள்வி (கோயம்புத்தூர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வயது 63): ஐயா, என் இடுப்பு இறுகியிருப்பதாகப் பயிற்சியாளர் சொல்கிறார். நான் இன்றும் தரையில் சம்மணமிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டு எழுகிறேன். அவர் சொல்வது எப்படிச் சரியாகும்?

பதில்: நீங்கள் சொல்வதும் சரி, அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். சம்மணத்தில் தொடை எலும்பு வெளிப்புறமாகச் சுழல்கிறது. ஸ்விங்கிலோ இடுப்பு மூட்டு உட்புறமாகச் சுழல வேண்டியுள்ளது: பேக்ஸ்விங்கில் வல இடுப்பும், பந்தை அடித்து முடிக்கும்போது இட இடுப்பும். நம்மவர்களில் பலருக்குச் சம்மணம் சர்வ சாதாரணமாக வரும், ஆனால் உட்சுழற்சி பாதிகூட இராது. மேலைநாட்டுக் காணொளிகளில் சொல்லப்படும் இடுப்புப் பயிற்சிகளில் பல வெளிச்சுழற்சியையே வளர்ப்பவை என்பதால், அவற்றைச் செய்து நமக்கு ஏற்கெனவே உள்ளதையே மேலும் பெருக்கிக்கொள்கிறோம்.

கால் தரையைத் தொடாத உயரமான கட்டிலில் அமர்ந்து, முழங்கால்களை அசைக்காமல், இடப் பாதத்தை வெளிப்புறமாக உயர்த்துங்கள். பாதம் வெளியே போகும்போது தொடை உள்ளே சுழல்கிறது; இதுதான் நாம் தேடும் அசைவு. கணுக்காலுக்குச் சற்று மேலே கைப்பேசியை வைத்துச் சாய்வுமானிச் செயலியில் பார்த்தால் பாகை தெரிந்துவிடும். பொதுவாக 35 முதல் 45 வரை இருக்கும். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். முதுகுவலி உள்ள கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் இலக்குப் பக்க இடுப்பின் (வலக்கை ஆட்டக்காரருக்கு இட இடுப்பின்) உட்சுழற்சி குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

பயிற்சி எளியது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை இடுப்பைவிட அகலமாகத் தரையில் ஊன்றி, ஒரு முழங்காலை உட்புறமாகத் தரையை நோக்கிச் சாய்த்து அரை நிமிடம் நிறுத்துங்கள். உங்கள் வயதில் ஒரு நிமிடம்வரை நிறுத்தினாலும் நல்லதே. தொடை இடுக்கில் எலும்போடு எலும்பு முட்டுவதுபோல் குத்தினால் உடனே நிறுத்திவிடுங்கள். அது தசை இறுக்கமல்ல, மூட்டின் அமைப்பாக இருக்கலாம். எவ்வளவு நீட்டினாலும் எலும்பு வழிவிடாது. அந்நிலையில் நிற்கும்போதே இடப் பாதத்தை இலக்கை நோக்கி 25, 30 பாகை திருப்பி வைத்துக்கொண்டால், மூட்டுக்கு வேண்டிய இடம் அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி (கொழும்பு, வயது 52): இடுப்பை அசையாமல் வைத்துத் தோளை மட்டும் திருப்பினால் பந்து தொலைவு போகும் என்று படித்தேன். முயன்று பார்த்ததில் தொலைவு கூடவில்லை, முதுகுவலிதான் கூடியிருக்கிறது.

பதில்: தோள்களின் சுழற்சிக்கும் இடுப்பின் சுழற்சிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்று பெயரிட்டு 1992இல் ஜிம் மெக்லீன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் எழுதியதிலிருந்து இக்கருத்து பரவியது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் தோள் ஏறத்தாழ 90 பாகையும் இடுப்பு ஏறத்தாழ 45 பாகையும் திரும்புவது வழக்கம் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் இடுப்பும் திரும்பத்தான் செய்கிறது. மேல் முதுகில் இடமில்லாத ஒருவர் இடுப்பையும் பூட்டிவிட்டால் மிஞ்சுவது கீழ் முதுகு ஒன்றே. மேஜர் எனப்படும் முதன்மைப் போட்டிகளில் 18 பட்டங்களை வென்ற ஜாக் நிக்லாஸ் பேக்ஸ்விங்கில் இடக் குதிகாலைத் தரையிலிருந்து தாராளமாகத் தூக்கிவிடுவார். குதிகால் எழும்போது இடுப்பு தானே திரும்பும். முதுகின்மேல் விழும் சுமை குறையும். ஐம்பதைக் கடந்த எவருக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பழைய பாணி என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கேள்வி (சிங்கப்பூர், வயது 29): கிளப் தரைக்கு இணையாக வரும்வரை பேக்ஸ்விங் போக வேண்டும் என்பது கட்டாயமா? என் கணுக்கால் பழைய முறிவினால் சரியாக மடங்காது.

பதில்: கட்டாயமில்லை. ஸ்பெயின் ஆட்டக்காரர் ஜான் ராம் வலப் பாதம் கோணலாகப் பிறந்தவர். அவருடைய வலக் கணுக்கால் முழுமையாக அசைவதில்லை என்பதையும், தம் குறுகிய பேக்ஸ்விங்குக்கு அதுவே காரணம் என்பதையும் 2021இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு யு.எஸ். ஓப்பனையும், 2023இல் மாஸ்டர்ஸையும் வென்றார். வளையாத மூட்டை வளைக்க முடியுமானால் வளைக்கலாம். முடியாதென்று தெரிந்தபின் ஸ்விங்கைத்தான் உடலுக்கேற்பத் தைத்துக்கொள்ள வேண்டும், சட்டைக்கேற்ப உடம்பை வெட்டிக்கொள்பவர் யாருமில்லை.

உங்கள் கணுக்காலைச் சுவர்முன் சோதித்துப் பாருங்கள். குதிகால் எழாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் அளவு இருந்தால் கவலையில்லை. அதைவிட மிகக் குறைந்தால் டவுன்ஸ்விங்கில் (கிளப்பைப் பந்தை நோக்கிக் கீழே வீசும்போது) நீங்கள் குந்திய நிலையிலிருந்து எழுந்துவிடுவீர்கள். பந்தின் தலையில் அடிபட்டுத் தரையோடு உருளும்.

கேள்வி (சென்னை, வயது 47): காரிலிருந்து இறங்கி நேராக முதல் டீக்குத்தான் (முதல் பந்தை அடிக்கும் இடம்) போக முடிகிறது. ஐந்து நிமிடம் கிடைத்தால் எந்த நீட்டிப் பயிற்சியைச் செய்யலாம்?

பதில்: அந்த ஐந்து நிமிடத்தில் நிறுத்திப் பிடிக்கும் நீட்டிப் பயிற்சி வேண்டாம். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அதன் விசை சற்று நேரத்துக்குக் குறைகிறது; நெடுந்தொலைவுக்கு அடிக்கும் டிரைவர் கிளப்பை எடுக்கும் நேரத்தில் அது உதவாது. அசைந்துகொண்டே செய்பவையே அப்போது ஏற்றவை: கோல்ஃப் பையைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும், பிறகு குறுக்காகவும் வீசுவது, கிளப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு குந்தி எழுவது, கிளப்பைத் தோளில் வைத்து இருபுறமும் திரும்புவது. பிறகு குறுந்தொலைவுக்கான வெட்ஜ் கிளப்பை எடுத்துப் பாதி ஸ்விங்கில் தொடங்கி, மெல்ல முழு ஸ்விங்குக்கு வரலாம். ஸ்பெயின் ஆட்டக்காரர் மிகேல் ஆங்ஹெல் ஹிமெனெஸ் பயிற்சித் திடலில் முழங்காலையும் இடுப்பையும் வட்டமாகச் சுழற்றுவதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் அவர் செய்வது வேண்டிய மூட்டுகளை வேண்டிய திசையில் இளக்கும் வேலைதான். வாயிலிருக்கும் சுருட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி (கோலாலம்பூர், வயது 58): நீரிழிவு உண்டு. சில மாதங்களாக வலத் தோள்பட்டை பின்னால் போவதில்லை. சட்டை போடுவதே சிரமமாக உள்ளது. தோளுக்கு எந்த நீட்டிப் பயிற்சி நல்லது?

பதில்: நீங்கள் கேட்க வேண்டியது பயிற்சியை அல்ல, மருத்துவப் பரிசோதனையை. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் உறைவு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்புறம் திருப்பிப் பாருங்கள். நீங்களாகவும் திருப்ப முடியாமல், வீட்டில் ஒருவர் பிடித்து மெதுவாகத் திருப்பினாலும் அதே இடத்தில் நின்றுவிட்டால், மூட்டைச் சுற்றியுள்ள உறையே சுருங்கியிருக்க வாய்ப்புண்டு. வலி மிகுந்த கட்டத்தில் வலிந்து இழுத்தால் நிலைமை மோசமாகும். இரவில் வலியால் விழிப்பு வருகிறதா என்பதையும் சர்க்கரை அளவையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை பட்டிங் (குழியருகே பந்தை மெதுவாகத் தட்டுவது) மட்டும் ஆடலாம்.

கேள்வி (பெங்களூரு, வயது 34): எனக்கு எல்லா மூட்டுகளும் தேவைக்கு மேல் வளையும். கட்டைவிரல் முன்கையைத் தொடும். ஆனாலும் பந்து தொலைவு போவதில்லை, மணிக்கட்டு வலிக்கிறது.

பதில்: மேடம், இங்கே வந்த கேள்விகளில் நீட்டிப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லக்கூடியது உங்களுக்குத்தான். உங்கள் மூட்டுகளின் அசைவு எல்லை பெரிது; அந்த எல்லையில் பிடித்து நிறுத்தத் தசையில் வலு இல்லை. பேக்ஸ்விங்கின் உச்சியில் கிளப் கட்டுப்பாடின்றிக் கீழே தொங்குவதும், அதைத் திருப்பியெடுக்கும் சுமை மணிக்கட்டில் விழுவதும் அதனால்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சி செய்யுங்கள். பேக்ஸ்விங்கை முக்கால் அளவோடு நிறுத்திப் பழகுங்கள்.

கேள்வி (உதகமண்டலம், வயது 60): யோகாசனம் போதுமா?

பதில்: ஆசனத்தைப் பொறுத்தது. மடித்த கால்களின் குதிகால்களுக்கு நடுவே அமரும் வீராசனம் இடுப்பின் உட்சுழற்சிக்கு நேரடியாக உதவும். முழங்கால் வலி இருந்தால் தவிர்க்கவும். அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தில் கையால் முழங்காலை நெம்பித் திரும்பும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்போது திரும்புவது மேல் முதுகா கீழ் முதுகா என்று உங்களுக்கே தெரியாது. கையின் உதவியின்றி எவ்வளவு திரும்புகிறதோ அதுவே உங்கள் அளவு.

கேள்வி (சென்னை, வயது 45): டைகர் வுட்ஸ் முதுகெலும்பை இணைக்கும் அறுவைக்குப் பின்னும் வென்றார். எனக்கும் அதே இடத்தில் வட்டு பிதுங்கியிருக்கிறது. குனிந்தால் கால்வரை மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது. பயிற்சி செய்து சமாளிக்கலாமா?

பதில்: அவருக்கு 2017 ஏப்ரலில் அறுவை நடந்தது, 2019 ஏப்ரலில் மாஸ்டர்ஸை வென்றார். போட்டிக்குத் திரும்புமுன் அவர் பல மாதம் முறைப்படியான மறுசீரமைப்பில் இருந்தார் என்பதை மறக்க வேண்டாம். காலுக்குப் பரவும் வலியோ மரத்துப்போதலோ உள்ளவரை முழு ஸ்விங்கும் முறுக்கும் பயிற்சிகளும் கூடா. பாதம் தொய்ந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ, மலவாயைச் சுற்றி உணர்வு குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர், வயது 38): எத்தனை நாளில் பலன் தெரியும்?

பதில்: முதல் ஓரிரு வாரத்தில் கிடைக்கும் முன்னேற்றம் தசை நீண்டதனால் வருவதன்று; இழுவையை நரம்பு மண்டலம் சகித்துக்கொள்ளப் பழகியதனால் வருவது. அதனால்தான் ஒரு வாரம் விட்டால் மறைந்துவிடுகிறது. வாரத்தில் குறைந்தது மூன்று நாள், ஒவ்வொரு இடத்துக்கும் மொத்தம் ஒரு நிமிட அளவு என்று இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் நிலைக்கும். கிடைத்த புதிய பாகைகளை ஸ்விங்கில் பயன்படுத்தக் கற்பது தனி வேலை. பயிற்சி முடிந்த கையோடு ஓர் அயர்ன் கிளப்பை எடுத்து, பந்தில்லாமல் மெதுவாகப் பத்துமுறை வீசிப் பழகுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதே முக்காலியில், அதே டைல்ஸ் கோட்டில் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். இரண்டு மாதமாகியும் அளவு அசையவில்லையென்றால், பயிற்சியைக் கூட்டாமல் நேரில் ஒருவரிடம் காட்டுங்கள்.