விரலி மஞ்சளில் எண்டோசல்ஃபான் எப்படி வந்தது?

கேள்வி: ஏற்றுமதிக்குக் கொடுத்த விரலி மஞ்சளை ஈ.சி.டி. கருவியில் பார்த்துவிட்டு, எண்டோசல்ஃபான் பூச்சிமருந்து இருக்கிறது என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் அந்த மருந்தை அடித்ததே இல்லைங்க. அந்தக் கருவி அப்படி என்னதான் பார்க்கிறது? உள்ளே கதிரியக்கம் வேறு இருக்கிறதாமே?
— ஒரு விவசாயி, மொடக்குறிச்சி

பதில்: இருக்கிறது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. எலக்ட்ரான் கேப்ச்சர் டிடெக்டர் என்பதன் சுருக்கம்தான் ஈ.சி.டி. 1957-ல் ஜேம்ஸ் லவ்லாக் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி உருவாக்கியது. உள்ளே நிக்கல்-63 பூசிய சின்னத் தகடு ஒன்று இருக்கும். அதிலிருந்து வரும் பீட்டா கதிர் மிகவும் பலவீனமானது, கருவியின் உலோகச் சுவரைத் தாண்டாது. அந்தக் கதிர் நைட்ரஜன் வாயுவில் மோதி எலக்ட்ரான்களை உதிர்க்க, சீரான ஒரு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் மஞ்சளை அரைத்து, கரைப்பானில் சாறு எடுத்து, சூடான நீண்ட குழாய் வழியே அனுப்பும்போது உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வரும். அதில் குளோரின் உள்ள மருந்து வந்தால் எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், மின்னோட்டம் சட்டென்று குறையும், திரையில் ஒரு மேடு எழும். எண்டோசல்ஃபான் மூலக்கூறில் ஆறு குளோரின் அணு! அதனால் பைக்கோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இந்தக் கருவியில் அகப்பட்டுவிடும்.

சிக்கல் எங்கே என்றால், எதுவோ எலக்ட்ரானைப் பிடித்தது என்று மட்டும்தான் இதற்குத் தெரியும், அது எது என்று தெரியாது. மேடு எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்பதை வைத்துத்தான் பெயர் வைக்கிறார்கள். மஞ்சளின் எண்ணெயையும் சாயத்தையும் சரியாக நீக்காமல் ஊசியில் ஏற்றினால் வேறொன்று அதே நிமிடத்தில் வந்து நிற்கலாம். ஆகவே மூலக்கூறின் எடையை வைத்து அது எது என்று காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியில் உறுதிப்படுத்தினார்களா என்று கட்டாயம் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

உறுதிப்படுத்திவிட்டார்கள் என்றால், அப்புறம் ஆல்ஃபா எண்டோசல்ஃபான், பீட்டா எண்டோசல்ஃபான் (மருந்திலேயே கலந்திருக்கும் இரண்டு வடிவங்கள்), எண்டோசல்ஃபான் சல்ஃபேட் ஆகிய மூன்றின் அளவையும் தனித்தனியாக வாங்கிப் பாருங்கள். எண்டோசல்ஃபான் மண்ணில் சிதையும்போது சல்ஃபேட்டாக மாறும். அதுவே அதிகமென்றால் பழைய மிச்சமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உச்ச நீதிமன்றம் 2011-ல் தடை விதிக்கும் முன் அந்தக் காட்டில் என்ன பயிர், என்ன மருந்து என்று விசாரியுங்கள், குத்தகைக் காடாக இருந்தால் இன்னும் முக்கியம். ஆல்ஃபாவும் பீட்டாவும் தூக்கலாக இருந்தால் புதிதாக எங்கிருந்தோ வந்திருக்கிறது: வாங்கிய மருந்து டப்பாவையும், மஞ்சள் கட்டிய பழைய சாக்கையும் முதலில் பாருங்கள்.