கர்ப்பப்பையில் கட்டி என்றால் பையை எடுத்தே ஆக வேண்டுமா? கேள்வி பதில்

அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு, மகளிர் நல மருத்துவராக இருந்தவள் நான். கர்ப்பப்பைக் கட்டி, சதை வளர்ச்சி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று அல்ல. அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள உதவும்.

திருச்சி, 34 வயது: வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது 3 செ.மீ. ஃபைப்ராய்டு ஒன்று, 1 செ.மீ. பாலிப் ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதானா மேடம்? புற்றுநோய் ஆகிவிடுமா?

இரண்டும் வேறு வேறு. கர்ப்பப்பையின் தசைச் சுவரில் வளர்வது ஃபைப்ராய்டு, அதாவது நார்க்கட்டி. மாதாமாதம் உதிர்ந்து வெளியேறும் உள்சவ்வில், பெரும்பாலும் சிறு காம்போடு தொங்கும் சதை வளர்ச்சிதான் பாலிப். 50 வயதைத் தொடுவதற்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு நார்க்கட்டி வந்துவிடுகிறது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. பாலிப்பும் பெரும்பாலும் சாதுவானதுதான். மாதவிடாய் நின்றபின் ரத்தக்கசிவோடு வரும் பாலிப்பில் மட்டும் சந்தேகம் கொஞ்சம் அதிகம், அதனால் அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம்.

ரிப்போர்ட்டில் எல்லோர் கண்ணும் சென்டிமீட்டருக்குத்தான் போகிறது. நான் முதலில் தேடுவது கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை. சில ரிப்போர்ட்டுகளில் 0 முதல் 8 வரை ஒரு வகை எண் போட்டிருப்பார்கள். 0, 1, 2 என்றால் கட்டி கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது. 3, 4 என்றால் சுவருக்குள். 5, 6, 7 வெளிப்பக்கம். உள்ளறையில் உள்ள 2 செ.மீ. கட்டி கொட்டு கொட்டென்று ரத்தம் போக வைக்கும். வெளிப்பக்கம் இருக்கும் 6 செ.மீ. கட்டி ஒரு தொந்தரவும் தராமல் இருந்துவிடும். உங்களுக்கு மாதவிடாய் ரத்தப்போக்கு சரியாக இருந்து குழந்தைத் திட்டமும் இப்போது இல்லையென்றால் இரண்டையும் கண்காணித்தாலே போதும். பாலிப் சந்தேகம் என்றால் அடுத்த மாதவிடாய் முடிந்த உடனே ஒரு ஸ்கேன் எடுங்கள். அப்போது உள்சவ்வு மெல்லியதாக இருக்கும், பாலிப் தெளிவாகத் தெரியும்.

சேலம், 41 வயது: எனக்கு மாதம் 9 நாள் போகிறது. அம்மாவுக்கும் அப்படித்தானாம், இது நம் வீட்டு உடம்பு வாகு என்கிறார். ஹீமோகுளோபின் 7.4. சத்து மாத்திரை போட்டால் போதுமா?

போதாது அம்மா. 12 இருக்க வேண்டிய இடத்தில் 7.4 என்றால் அது கடுமையான ரத்தசோகை. நம் பாட்டிகள் இதற்குப் பெரும்பாடு என்று பேர் வைத்து நோயாகத்தான் பார்த்தார்கள். நாம் அதை வாகு என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

வெளிநோயாளிப் பிரிவில் "எவ்வளவு போகிறது?" என்று கேட்டால் எல்லோரும் "நார்மல்தான்" என்பார்கள். அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? இரண்டைச் சேர்த்து வைக்கிறீர்களா? இரவில் எழுந்து மாற்றுகிறீர்களா? ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள் விழுகின்றனவா? கடைசியாக, பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி ஏதாவது மென்று தின்னத் தோன்றுகிறதா? இந்தக் கேள்விக்குப் பல பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அரிசி டப்பாவை ஒளித்து வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். அது கெட்ட பழக்கமில்லை, இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லாவற்றுக்கும் சாப்பாட்டையே காரணமாகச் சொல்கிறோம். ரத்தம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, இழந்ததை ஏற்றுவது. மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடுங்கள், காபி டீயோடு வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்த வேண்டாம், அது மருந்தின் நிறம். இந்த அளவுக்கு இறங்கியிருப்பதால் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றலாமா என்று கேளுங்கள். இரண்டு, போக்கை நிறுத்துவது. போகும் நாட்களில் மட்டும் எடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் இருக்கிறது; ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறையும் நோய் வந்தவர்களுக்கு அது ஆகாது. ஹார்மோன் மாத்திரை இருக்கிறது. கட்டி உள்ளறையைக் கோணலாக்காமல் இருந்தால் ஹார்மோன் சுரக்கும் லூப் (கர்ப்பப்பைக்குள் பொருத்தும் சிறு கருத்தடைச் சாதனம்) வைக்கலாம், சில ஆண்டுகள் வேலை செய்யும். எதற்கும் முன்னால் ஸ்கேனும் தைராய்டு பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் தேதி பார்க்காமல் இன்றே கிளம்புங்கள். உங்கள் அம்மாவுக்கும் நார்க்கட்டி இருந்திருக்கலாம். இது குடும்பத்தில் வரக்கூடியதுதான்.

கோவை, 29 வயது: கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. கர்ப்பப்பைக்கு வெளிப்பக்கம் 5 செ.மீ. கட்டி. ஆபரேஷன் செய்துவிட்டுத்தான் மறுவேலை என்கிறார் மாமியார்.

வெளிப்பக்கக் கட்டி கருத்தரிப்பைத் தடுப்பதாகச் சொல்ல முடியாது. அதை எடுத்தால் தழும்பு விழும், சில சமயம் கருக்குழாயைச் சுற்றி ஒட்டிக்கொள்ளவும் செய்யும். முதலில் உங்கள் கணவரின் விந்தணுப் பரிசோதனை முடிந்துவிட்டதா? அதைக் கேட்காமலேயே பெண்ணை மேஜையில் படுக்க வைப்பது எனக்கு உடன்பாடில்லை. உள்ளறைக்குள் இருக்கும் கட்டியோ பாலிப்போ என்றால் கதை வேறு. அதை வயிற்றைக் கிழிக்காமல், பிறப்புறுப்பு வழியாகக் குழாய்க் கேமரா செலுத்திப் பார்த்துக்கொண்டே எடுத்துவிடலாம்.

செங்கல்பட்டிலிருந்து ஒரு கணவர்: மனைவிக்கு 36 வயது. இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடும் ஆயிற்று. கட்டிக்காக ஸ்கேன் பார்த்த அன்றே, "இனி எதற்குப் பை, எடுத்துவிடலாம்" என்கிறார்கள். சம்மதிக்கலாமா டாக்டர்?

தம்பி, சம்மதம் உங்கள் மனைவியுடையது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

பிள்ளை பெற்றாயிற்று என்பது பையை எடுக்கக் காரணம் ஆகாது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் பலருக்கு இளவயதிலேயே பை எடுக்கப்பட்டிருந்தது 2019ல் வெளியே வந்தது, மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. 2019-21 கணக்கெடுப்பின்படி ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 100க்கு 8 முதல் 9 பேருக்குப் பை இல்லை. நாட்டுச் சராசரி 3 சொச்சம்தான். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த விதிமுறைகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

அதற்காகப் பையை எடுப்பதே பாவம் என்று சொல்ல மாட்டேன். மருந்துக்கு அடங்காத போக்கு, வயிறு நிறைந்த கட்டிகள், சிறுநீர்ப்பாதையை அழுத்துவது என்று நியாயமான காரணங்கள் உண்டு. பை எடுத்தபின் நிம்மதியாக இருக்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் என்ன சிகிச்சை செய்து பார்த்தார்கள்? கட்டியை மட்டும் எடுக்க முடியாதா? கட்டிக்கு ரத்தம் போகும் குழாயை அடைக்கும் முறை 1995 முதலே உலகில் இருக்கிறது, அது இவருக்குப் பொருந்துமா? இதையெல்லாம் கேளுங்கள். முக்கியமாக, சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப் போகிறார்களா என்று கேளுங்கள். 36 வயதில் அவை போனால் மறுநாளே மெனோபாஸ். எலும்பும் இதயமும் பாதிக்கும். "கூடவே எடுத்துவிடலாம்" என்று காரணம் சொல்லாமல் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் இரண்டாவது கருத்து வாங்கிவிட்டு முடிவெடுங்கள்.

தஞ்சாவூர், 32 வயது: கழற்சிக்காய், மலைவேம்புச் சாறு சாப்பிட்டால் கட்டி கரையுமா?

நார்க்கட்டி கரையும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. சினைப்பையில் வரும் நீர்க்கட்டிக்குச் சொல்வதையெல்லாம் நார்க்கட்டிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். சித்த மருத்துவம் பார்ப்பதானால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். மாதக்கணக்கில் சாறு குடித்துக்கொண்டே ரத்தத்தை இழந்துவிட வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 58 வயது. தீட்டு நின்று ஏழு வருடம். போன வாரம் இரண்டு நாள் லேசாகப் பட்டது. சூடு என்கிறார், டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார்.

இந்த வாரமே அழைத்துப் போங்கள். நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் சவ்வு மெலிவோ பாலிப்போதான் இருக்கும், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் தன்னை முதலில் காட்டுவதும் இப்படித்தான். உள்வழி ஸ்கேனில் சவ்வின் தடிமன் 4 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. மேலே இருந்தாலோ, மறுபடி பட்டாலோ, சவ்வில் துளி எடுத்துச் சோதிப்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்து சவ்வை வளர்க்கும். அம்மா கூச்சப்பட்டால் பெண் மருத்துவர் இருக்கும் நாளாகப் பார்த்து, நீங்களும் கூடவே உள்ளே போய் உட்காருங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பிணி, ஈரோடு: 6 செ.மீ. கட்டி இருக்கும் பக்கம் கடுமையாக வலிக்கிறது.

கர்ப்பத்தில் கட்டிக்கு ரத்தம் பற்றாமல் போய் இப்படி வலிப்பதுண்டு. ஓய்வு, மருத்துவர் சொல்லும் பாராசிட்டமால் இவற்றிலேயே பெரும்பாலும் சில நாளில் அடங்கும். மருந்துக் கடையில் வேறு வலி மாத்திரை வாங்க வேண்டாம். இன்றே உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள், ரத்தம் பட்டாலோ காய்ச்சல் வந்தாலோ நேரே மருத்துவமனைக்குப் போங்கள். கட்டி இருப்பதாலேயே சிசேரியன் என்று இல்லை, வழியை அடைத்துக்கொண்டிருந்தால்தான்.

வேலூர், 49 வயது: மெனோபாஸ் வரை பொறுத்துக்கொண்டால் தானாகச் சுருங்கிவிடுமா மேடம்?

பொதுவாகச் சுருங்கும், ஹார்மோன் குறைந்தால் கட்டிக்குத் தீனி இல்லை. ஹீமோகுளோபின் சரியாக இருந்து, அடிக்கடி சிறுநீர் போவது, மலச்சிக்கல் மாதிரி அழுத்தும் தொந்தரவும் இல்லையென்றால் தாராளமாகக் காத்திருக்கலாம். இந்த வயதில் போக்கு அதிகமானாலோ தாறுமாறாக வந்தாலோ மட்டும் "மெனோபாஸ் நெருங்குகிறது" என்று விட்டுவிடாமல் சவ்வுப் பரிசோதனை கேளுங்கள். நின்றபின் கட்டி வளர்ந்தால் அதையும் உடனே காட்ட வேண்டும். வருடம் ஒரு ஸ்கேன் போதும். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக் கையோடு எடுத்துப் போங்கள். வளர்ந்திருக்கிறதா இல்லையா என்பதைப் பழையதோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.